திருநீறு தின்ற பிள்ளை

எங்கள் மகள் திருநீறு தின்பாள். நெற்றியில் பூசுவதும் உண்டு, ஆனால் அவளுக்கு வாய்தான் முதல். காலையில் நான் முழுகிவிட்டுச் சாமியறையில் விளக்கேற்றிக் கும்பிட்டுத் திரும்பினால், பின்னால் நின்று கையை நீட்டுவாள். ஒரு சிட்டிகை வாய்க்கு, மிச்சம் நெற்றிக்கு. நான் வயலுக்குப் போனதும் தட்டிலிருந்து தானாகவே இன்னும் கொஞ்சம் எடுத்துக்கொள்வாள். நேசரிக்குப் போன வயதில் தொடங்கியது, பள்ளிக்கூடத்தில் இரண்டாம் ஆண்டுக்குப் போயும் நிற்கவில்லை.

அதைப் பார்த்து நாங்கள் பயந்தோம் என்று சொன்னால் அது பொய். மகிழ்ந்தோம். கல்யாணம் முடித்துக் கனகாலம் பிள்ளையில்லாமல் இருந்து, கண்ணகியம்மனுக்கு நேர்ந்து பிறந்தவள் அவள். பிள்ளை நல்லபடியாகப் பிறந்தால் இனி மச்சம் தொடமாட்டேன் என்று நேர்ந்தேன். அன்றிலிருந்து மீனும் இறைச்சியும் முட்டையும் என் சோற்றுக் கோப்பையில் விழவில்லை. வாவிக்கரையில் பிறந்து வளர்ந்தவன் மீனை விடுவது லேசில்லை. ஆனால் விட்டேன், சந்தோசமாகத்தான் விட்டேன். அப்படிக் கிடைத்த பிள்ளை திருநீற்றுக்குக் கைநீட்டினால் எந்தத் தகப்பன் வேறு விதமாக நினைப்பான்?

அந்தத் திருநீறும் கடையில் வாங்கியதல்ல. சிவராத்திரிக்கு எங்கள் மாட்டுச் சாணத்தை உருட்டிக் காயவைத்து, உமியில் மூடிச் சுட்டு, வெள்ளைத் துணியில் அரித்து, நானே எடுப்பேன். அதனால் வயிற்றுக்கு ஒன்றும் செய்யாது என்ற நம்பிக்கையும் இருந்தது.

ஊரிலும் அதற்கு ஒரு மதிப்பு வந்துவிட்டது. கரடியனாற்றிலிருந்து மச்சாள், அதாவது மனைவியின் அக்கா, வந்தால் முதலில் முழங்காலைத்தான் நீட்டுவாள்.

"வா மகள், பெரியம்மாட முழங்கால்ல எள்ளுப்போலப் பூசி விடு. உன்ட கை பட்டாத்தான் எனக்கு நோ குறையுது."

மகள் பூசுவாள். பூசிவிட்டு விரலைச் சூப்புவாள்.

"பாத்தீங்களா மச்சான், அம்மாள் குடியிருக்கிற பிள்ளை இது."

"என்ட கொழுக்கட்டைய மட்டும் அம்மாளுக்குப் பிடிக்காது போல," என்பாள் என் மனைவி குசினியிலிருந்து. "ஒண்டும் தின்னுறாளில்ல."

அது உண்மை. பிள்ளைக்குச் சாப்பாடு என்றால் என் கோப்பையில் இருப்பதுதான். தாய் தனக்கு மீன் ஆக்குவாள். மகள் மீன் சட்டிப் பக்கம் திரும்பமாட்டாள். "அப்பா தின்னாதது எனக்கும் வேணாம்," என்று விடுவாள். சோறு, பாற்சொதி, எப்போதாவது பருப்பு. கீரையை விரலால் பொறுக்கி ஓரத்தில் வைப்பாள். சோற்றோடு பால் விடாத வெறுந்தேத்தண்ணி ஒரு கிளாஸ், சோறு முடிந்தபின் இன்னொன்று. நானும் அப்படித்தான் குடிப்பேன். என் பிள்ளை எல்லாவற்றிலும் என்னைப் போல இருப்பது எனக்குப் பெருமையாக இருந்தது.

இரண்டாம் ஆண்டு தொடங்கிக் கொஞ்ச நாளில் டீச்சர் கூப்பிட்டனுப்பினார். நல்ல மனுசி. தூரத்திலிருந்து பஸ்ஸில் வந்து, வாவியைக் கடந்து, மேற்குக் கரையான எங்கள் படுவான்கரைப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவர். பிள்ளைகளை வெளியே விளையாட விட்டுவிட்டு எங்கள் இருவரையும் சின்னக் கதிரைகளில் இருத்தினார்.

"கோவிக்காதீங்க. உங்கட மகள் கெட்டிக்காரி. ஆனா ஒரு இடத்தில இரிக்கிறாளில்ல. வகுப்பு நடக்கக்குள்ளயும் எழும்பி முன்னுக்கு வாறா. 'ஏன் மகள் வந்தாய்' எண்டு கேட்டா, 'சும்மா டீச்சர்' எண்டு சொல்றா. இருத்தி விட்டா மறுகாவும் வாறா. இல்லாட்டி மேசையில தலைய வெச்சுப் படுக்கிறா. ரெண்டு வரி எழுதினா யன்னலப் பாக்கிறா."

"வீட்டிலயும் அப்பிடித்தான் டீச்சர்," என்றாள் மனைவி. "நித்திரையிலயும் கால் சும்மா இரிக்காது. உதைச்சிக்கிட்டே இரிப்பா. விடிஞ்சா எழுப்ப ஏலாது."

எனக்குக் கோபம் வந்தது. துடியான பிள்ளை என்றால் அப்படித்தானே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அந்த மாதமே, பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளின் படிப்புக் குறைகளைப் பார்க்கவென்று இளம் ஆட்கள் இரண்டு பேர் வந்தார்கள். கேள்விகள் கேட்டார்கள், படம் கீறச் சொன்னார்கள். எங்கள் மகள் பாதிப் படத்தில் எழும்பிப் போய்விட்டாளாம். கவனக் குறைபாடு என்கிற வருத்தமோ என்று ஒரு சந்தேகம் இருக்கிறது, டொக்டரிடம் காட்டுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்கள் சொன்னது அவ்வளவுதான். ஆனால் அந்தச் சொல் பள்ளிக்கூட வாசலைத் தாண்டி ஒழுங்கையில் ஏறும்போதே சந்தேகத்தைக் கழற்றி எறிந்துவிட்டது. கடையடிக்கு வந்தபோது, பிள்ளைக்கு மூளையில் வருத்தம். துறையடிக்குப் போனபோது, வளர வளரக் கூடும், படிப்பு ஏறாது.

எங்கள் பக்கத்தில் வாவியைக் கடக்கப் 'பாதை'தான். பாதை என்றால் ரோடு இல்லை. ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு போகும் தட்டையான மிதவைக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர். அதில் நின்றபோது, ஓட்டுகிறவர் சாதாரணமாகக் கேட்டார்.

"என்ன மச்சான், அம்மாள் பிள்ளைக்கு மண்டையில என்னமோவாமே?"

"உனக்கு ஆர் சொன்ன?"

"நீ ஒராள்தான் இன்னும் சொல்லல்ல."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கரை வரும்வரை தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் பிள்ளை இனி எங்கே போனாலும் இந்தச் சொல் அவளுக்கு முன்னால் போய் நிற்கும் என்று அப்போதுதான் எனக்குப் பட்டது. அடுத்த வகுப்பில், அதற்கடுத்த வகுப்பில், அவள் வாய் திறக்குமுன் அது திறந்துவிடும். இருக்கிற வருத்தமென்றால் சுமக்கலாம். இல்லாததை எப்படிச் சுமப்பது? இருக்கிறதா இல்லையா என்றும் எனக்குத் தெரியவில்லை. சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை விட்டவன் நான். நெல்லின் வருத்தம் இலையில் தெரியும். பிள்ளையின் வருத்தத்தை எதில் பார்ப்பது?

அந்தக் கிழமையே அக்கரையில், தனியாக மருந்து எழுதுகிற டொக்டர் ஒருவரிடம் கொண்டுபோனோம். வெளியே நிறையச் சனம். உள்ளே அவர் கேள்வி கேட்க, மகள் காற்றாடிச் சுவிட்சைப் போட்டுப் போட்டு நிறுத்தினாள், மேசை லாச்சியை இழுத்தாள், தராசில் ஏறி இறங்கினாள். அவருக்கு அது போதுமாக இருந்தது.

"பாத்தாலே தெரியுது. இது இப்ப கன பிள்ளைகளுக்கு இருக்கு. குளிசை எழுதுறன், குடுங்க. ஆள் அமைதியாகும்."

நாங்கள் இருந்த கதிரை சூடாகுமுன் வெளியே வந்துவிட்டோம்.

வீட்டுக்கு வந்து நான் குளிசைப் பொட்டலத்தைச் சாமியறையில் அம்மாள் படத்துக்கு முன்னால் வைத்தேன். நல்லதென்றால் நல்லபடியாகக் காட்டு, கெட்டதென்றால் தடுத்துவிடு என்று கும்பிட்டேன். மறுநாளும் வைத்தபடி இருந்தது. அதற்கு மறுநாளும். மனைவி வாசலில் வந்து நின்றாள்.

"குளிசை அம்மாளுக்கா?"

"உத்தரவு வரட்டும் எண்டு பாக்கிறன்."

"என்ன சொல்றா?"

"இன்னும் ஒண்டும் சொல்லல்ல."

"அப்ப நான் சொல்றன், கேளுங்க. ஆஸ்பத்திரியில பிள்ளைகளப் பாக்கிற டொக்டர் அம்மா ஒராள் இரிக்காவாம். அவவிட்டக் காட்டுவம். அவவும் இதத்தான் சொன்னா, நானே என்ட கையால குடுக்கிறன். எனக்குக் குளிசைக்குப் பயமில்ல. எட்டிப் பாத்திட்டுச் சொல்லிட்டாரே, அதுக்குத்தான் பயம்."

என் மனைவி எட்டாம் வகுப்புவரைதான் படித்தவள். பொட்டலத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.

அரசாங்க ஆஸ்பத்திரி. விடியக் கிளம்பியும், காத்திருக்கும் மர வாங்கில் நீளமான வரிசை. எங்கள் பக்கத்தில் காத்தான்குடியிலிருந்து வந்த ஒரு தாய், பெரிய மகளோடு இருந்தார். அந்தப் பிள்ளை அமைதியாகப் பூப்போட்ட துணி ஒன்றில் தையல் போட்டுக்கொண்டிருந்தாள். என்ன வருத்தமென்று மனைவி கேட்க, நாங்கள் பயந்துகொண்டிருந்த அதே பெயரை அந்தத் தாய் வெகு சாதாரணமாகச் சொன்னார்.

"இவக்கு அதான் தங்கச்சி. மருந்து குடிக்கக்குள்ள ஊர்ல என்னெல்லாமோ கதைச்சாங்க. கதைக்கிறவங்க கதைக்கட்டும். மருந்து தொடங்கின பொறகுதான் என்ட மகள் என்ட முகத்தப் பாத்து ஒரு கதைய முழுசாச் சொல்லி முடிச்சா. அல்ஹம்துலில்லாஹ், இப்ப ஓதுறதும் நல்லா ஓதுறா, தையலும் தைக்கிறா."

"அப்ப மருந்து பயமில்லயா அக்கா?"

"வருத்தம் அதுதான் எண்டா என்ன பயம்? ஆனா இவங்க லேசில சொல்லல்ல. திரும்பத் திரும்ப வரச் சொல்லி, பள்ளிக்கூடத்திலயும் கேட்டு, காதப் பாத்து, கண்ணப் பாத்துத்தான் சொன்னாங்க."

அந்தத் தாயை நான் மறக்கமாட்டேன். மருந்து என்றாலே ஏமாற்று, துடியான பிள்ளைகளைக் கட்டிப்போடும் வேலை என்று நான் அதுவரை மனதுக்குள் ஒரு வழக்குக் கட்டி வைத்திருந்தேன். அந்தப் பிள்ளையின் ஊசியும் நூலும் அதைப் பிரித்துவிட்டன.

எங்கள் முறை வந்தது. டொக்டர் அம்மா வயதில் என்னைவிடக் குறைந்தவர். மகளைக் கூப்பிட்டு முதலில் அவளிடமே கதைத்தார். எந்த வகுப்பு, கூட்டாளி யார், மாடு எத்தனை, கன்றுக்கு என்ன பெயர். பிறகு எங்களிடம் கேட்டார். எப்போது படுப்பாள், எப்படி எழும்புவாள், குறட்டை விடுவாளா, காதில் சீழ் வந்ததா, கூப்பிட்டால் திரும்புவாளா, என்ன சாப்பிடுவாள், வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கடைசியாக எப்போது கொடுத்தது. மனைவி பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். மகள் என் மடியில் ஏறி இருந்தாள். இருந்தவள் என் பக்கம் கிறுகித் திரும்பி, என் நெற்றியில் இருந்த திருநீற்றை விரலால் வழித்து வாயில் வைத்தாள். மற்ற விரலால் இன்னொரு வழிப்பு.

டொக்டர் அம்மா எழுதுவதை நிறுத்தினார்.

"ஐயா, இவ இத எப்பவும் செய்வாவா?"

எனக்கு முகம் மலர்ந்தது. "ஓம் டொக்டர். சின்னதில இருந்தே பக்தி. ஒரு நாள் தவறாது. அம்மாளுக்கு நேந்து பிறந்த பிள்ளை."

"வேற என்ன தின்னுவீங்க மகள்? சோறு, கறி இல்லாம?"

மகள் என்னைப் பார்த்தாள், தாயைப் பார்த்தாள். "பச்சரிசி."

"வேற?"

"சோக்கு."

"எங்க சோக்கு?" என்றாள் தாய்.

"பள்ளிக்கூடத்தில. டீச்சர்ட மேசைக்குக் கீழ துண்டுத் துண்டாக் கிடக்கும். கரும்பலகைக்குக் கீழ தூளும் இரிக்கும்."

வகுப்பு நடக்கும்போது பிள்ளை எதற்காக எழும்பி முன்னுக்குப் போகிறாள் என்பது எனக்கு அப்போது விளங்கியது. மனைவிக்கு என்னைவிடக் கெதியாக விளங்கிவிட்டது. என் பக்கம் திரும்பி, மெதுவாகக் கேட்டாள்.

"சோக்குத் தின்னுறதும் பக்தியா?"

டொக்டர் அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு மகளின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். உள்ளங்கையைப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார். எங்களையும் பார்க்கச் சொன்னார். தாயின் இமைக்குள் சிவப்பு. மகளின் இமைக்குள் வெளிறிப் போயிருந்தது. தினமும் முகம் கழுவிவிடும் எங்களுக்கு அது ஒருநாளும் கண்ணில் படவில்லை.

"திருநீற நான் குறை சொல்லல்ல ஐயா. அது பூசுறது. அதத் தின்னச் சொல்லி இவட உடம்பு கேக்குதே, அதுதான் எனக்கு யோசனை. உடம்பில இரும்புச்சத்துக் குறைஞ்சா சில பிள்ளைகள் மண், சோக்கு, அரிசி எண்டு தேடித் தின்னுவாங்க. படுத்தா காலும் சும்மா இரிக்காது. நித்திரை சரியில்லாட்டி அடுத்த நாள் எந்தப் பிள்ளை கவனமா இரிக்கும்? நீங்களும் நானும் இரிப்பமா?"

"அப்ப அந்த வருத்தம் இல்லையா?"

"அத நான் இப்ப சொல்லமாட்டன். ரெண்டும் சேந்தும் இரிக்கலாம். முதல்ல ரத்தம் பாப்பம். குறை இருந்தா அத நிரப்புவம். அதுக்குப் பிறகும் இப்பிடி இருந்தா மற்றதப் பாப்பம். அவசரப்பட்டுப் பேர் வைக்க ஒண்ணாது."

ரத்தம் எடுக்கும்போது மகள் அழவில்லை. ஊசியைவிட அந்தத் தாதியின் கைக்கடிகாரம் அவளுக்குச் சுவாரசியமாக இருந்தது. முடிவு வந்தபோது, பிள்ளையின் உடம்பில் இரும்பு கையிருப்பே இல்லை என்று டொக்டர் அம்மா சொன்னார். பூச்சி மருந்து தந்தார், குடிக்கிற இரும்புச்சத்துப் பாணி தந்தார். பாணியோடு புளிப்பாகத் தோடம்பழமோ தேசிக்காயோ கொடுங்கள், சோற்றோடு தேத்தண்ணி கொடுக்கவே கூடாது, அது சத்தைச் சேரவிடாது என்றார். தேத்தண்ணியைச் சொன்னபோது என்னைத்தான் பார்த்தார். நாங்கள் கொண்டுபோயிருந்த குளிசைப் பொட்டலத்தையும் காட்டினோம்.

"இது கெட்ட மருந்தில்ல. தேவையான பிள்ளைக்கு நல்ல மருந்து. இவக்குத் தேவையா எண்டு தெரியாமக் குடுக்கிறதுதான் பிழை. இஞ்சயே வெச்சிட்டுப் போங்க."

பிறகு சொன்னார்: "மீன், முட்டை, ஈரல் குடுங்க."

அங்கேதான் என் நேர்த்திக்கடன் குறுக்கே வந்து நின்றது.

பாதையில் திரும்பும்போது அதையே நினைத்துக்கொண்டு நின்றேன். பிள்ளையைத் தந்தவளுக்குச் சொன்ன வார்த்தை. என் நேர்த்தியைப் பார்த்துத்தான் பிள்ளை மச்சம் தொடாமல் வளர்ந்தாள். இப்போது நானே அவளுக்கு மீன் ஊட்டினால் நேர்த்தி முறியுமா? கரை இறங்கியதும் மனைவியையும் மகளையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு நேரே கோயிலுக்குப் போனேன். அம்மாளுக்குப் பூசை செய்யும் கப்புகனார் கிணற்றடியில் குடம் கழுவிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குடத்தைக் கவிழ்த்து வைத்தார்.

"நேந்த ஆர்?"

"நான்."

"பிள்ளை நேந்ததா?"

"இல்ல."

"அப்ப ஏன் என்னிட்ட வந்து நிக்கிறாய்? அம்மாள் உன்ட கோப்பைய மட்டும்தானே கேட்டா. பிள்ளைர கோப்பையில நீயாத்தான் கை வெச்சிருக்காய். போய்ச் சோறு குடு."

நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன். உத்தரவு கிடைத்துவிட்டது, இனி மீன் ஆக்கலாம் என்று மனைவிக்குச் சொல்ல வாயைத் திறந்தேன். அடுப்பில் மணலை மீன் கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் முருங்கையிலை ஆய்ந்து கிடந்தது.

"ஆரக் கேட்டு ஆக்கினாய்?"

"டொக்டர் சொன்னதக் கேட்டு. நீங்க ஆரக் கேட்டீங்க?"

நான் குளிக்கப் போனேன்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் சும்மா போகவில்லை. மகள் மீனைத் துப்பினாள். பாணியைக் கண்டால் வேலிக்குள் ஒளிந்தாள். அது பல்லில் கறுப்பாகப் பிடிக்கும். "அப்பா தின்னல்லயே" என்ற பழைய வழக்கை எடுத்தாள். அதற்கு நான் கண்ட வழி ஒன்றுதான். என் கோப்பையும் அவள் கோப்பையும் வேறு வேறாக வைத்து, என் பக்கத்தில் இருத்தி, "அப்பா அம்மாளுக்குச் சொல்லியிரிக்கேன், நீ சொல்லல்ல. நீ தின்னாட்டித்தான் அம்மாளுக்குக் கோவம்," என்று சொன்னேன். "அம்மாள் உங்களிட்டச் சொன்னாவா?" என்றாள். "கப்புகனாரிட்டச் சொன்னா," என்றேன். யோசித்துவிட்டு ஒரு சின்னத் துண்டு எடுத்தாள். இறால் மட்டும் எந்தச் சண்டையும் இல்லாமல் இறங்கியது. தேத்தண்ணியை நானும் சோற்று நேரத்தில் நிறுத்தினேன். மீனை விட்டபோது வராத தலையிடி தேத்தண்ணியை விட்டபோது வந்தது.

திருநீற்றுத் தட்டை மேல் தட்டுக்கு ஏற்றினோம். மச்சாள் வந்து கதையைக் கேட்டுவிட்டு முகத்தைத் தொங்கப்போட்டாள்.

"அப்ப என்ட முழங்கால் சுகமானது என்னத்தால மச்சான்?"

"அது அம்மாள்தான். சந்தேகப்படாத."

நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அன்றைக்கு டொக்டருக்கு முன்னால் பிள்ளையின் விரலை என் நெற்றிக்கு ஏற்றியவள் அம்மாள்தான் என்று நான் நம்புகிறேன். காலையில் சாப்பிடாமல் போனதால்தான் வழித்துத் தின்றாள் என்பது மனைவியின் கட்சி. இரண்டு பேரும் அவரவர் கட்சியில் நிம்மதியாக இருக்கிறோம்.

டீச்சரிடமும் போய்ச் சொன்னோம். அவர் வாயில் கையை வைத்தார்.

"சோக்குக் குறையுதெண்டு நான் பின் வாங்கில இரிக்கிற பிள்ளைகள எல்லாம் ஏசினனே."

மேசைக்குக் கீழே ஒரு துண்டும் கிடக்காமல் அன்றிலிருந்து பார்த்துக்கொண்டார். மகளை முன்வாங்கில், தன் கண்ணுக்கு நேரே இருத்தினார். மாரியில் விதைத்த நெல் குடலை தள்ளிக் கதிர் வரப்பார்க்கும் காலத்தில், ஒருநாள் துறையடியில் என்னைக் கண்டு நின்றார். "உங்கட மகள் இப்ப எழும்புறாளில்ல. நேத்து ஒரு பக்கம் முழுக்க எழுதினா. நான் படிப்பிக்கிறதில பிழை வேற பிடிக்கிறா," என்றார். அதைச் சொன்னபோது அவருக்கும் கண் மினுங்கியது. நான் வயல் வட்டைக்குள் போய் வரம்பில் நின்று வேட்டியால் முகத்தைத் துடைத்தேன். பக்கத்து வயற்காரன் வெயிலா என்று கேட்டான். ஓம் என்றேன்.

டொக்டர் அம்மா அதற்குப் பிறகும் வரச் சொல்லிப் பார்த்தார். இமையைப் பார்த்தார், ரத்தம் பார்த்தார், டீச்சரிடமும் கேட்டு எழுதி எடுத்தார். கடைசியில் சொன்னார்: "இவக்கு அந்த வருத்தம் இல்ல ஐயா. கதைக்கிறது மட்டும் கொஞ்சம் அதிகம். அது வருத்தமில்ல, குணம். அதுக்கு என்னிட்ட மருந்தில்ல."

"எங்களிட்டயும் இல்ல டொக்டர்," என்றாள் மனைவி.

இவ்வளவும் நடந்தபின் ஊரில் எனக்கு ஒரு புதுப் பெயர் வந்தது. பிள்ளையின் வருத்தத்தைக் கண்டுபிடித்தவன். இந்த முறை கோயிலில் குளிர்த்திச் சடங்குக்குப் பொங்கல் பானைகள் வைக்கும்போது, பக்கத்து ஊரிலிருந்து வந்த இளம் தகப்பன் ஒருவர் என்னை வேப்பமரத்தடிக்கு ஒதுக்கிக்கொண்டு போனார். அவருடைய கடைசிப் பிள்ளைக்கும் அதே பெயரைச் சொல்லிவிட்டார்களாம்.

"அண்ணன், அந்தப் பாணிட பேர் என்ன? பாமசியில வாங்கலாமா?"

பெயர் என் நாக்கு நுனியில் நின்றது. சொல்லியிருந்தால் அவர் கையைப் பிடித்துக் கும்பிட்டிருப்பார். எனக்கும் அது நன்றாகத்தான் இருந்திருக்கும்.

"பிள்ளை சாப்பாடு எப்பிடித் தம்பி?"

"அதில குறையில்ல அண்ணன். மீனில்லாட்டிச் சோறு இறங்காது அவனுக்கு. முட்டையெல்லாம் ஒளிச்சு வெச்சுத்தான் ஆக்கணும்."

"நித்திரை?"

"படுத்தா விடியத்தான்."

"அப்ப எனக்குத் தெரியாது தம்பி."

அவர் முகம் விழுந்துவிட்டது. "உங்கட பிள்ளைக்குச் சரி வந்ததே?"

"என்ட பிள்ளைக்கு இருந்தது வேற. உங்கட பிள்ளைக்கு அவங்க சொன்னதே சரியாவும் இரிக்கலாம். இருந்தா மருந்து குடுங்க, பயப்படாதீங்க. குடுத்து நல்லா வந்த பிள்ளையையும் நான் கண்டிரிக்கேன். ஆனா வடிவாப் பாத்துச் சொல்லட்டும். நானும் வாறன், வாங்க."

"உங்களுக்கு வயல் வேலை?"

"தண்ணி கட்டியாச்சு. வாறன்."

சொன்னபடி போனோம். அவரும் அவருடைய மனைவியும் பிள்ளையும் உள்ளே போனார்கள், நான் வாங்கில் இருந்தேன். எனக்கு முன்னால் இருந்த ஒருவர் பொறுமையிழந்து, உள்ளே போனவர்கள் என்ன குடியிருக்கவா போனார்கள் என்று தாதியிடம் கேட்டார். தாதி கையை விரித்தார். நான் கண்ணை மூடி அம்மாளை நினைத்தேன். திறந்து பார்த்தபோதும் அந்தக் கதவு மூடியே இருந்தது. உள்ளே டொக்டர் அம்மா ஏதோ கேட்பதும் பிள்ளை ஏதோ சொல்வதும் தாய் இடையில் சிரிப்பதும் மெதுவாகக் கேட்டன. நேரம் போகப் போக எனக்கு மனம் நிறைந்துகொண்டே வந்தது.